சைகோன் சவரிமுத்துவின் முகம்

பாண்டிச்சேரியில் பேருந்தைவிட்டு இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு தொப்பி. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மழையில் நனைந்தபடி கையசைத்துக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புத் தொப்பி, மேல்பக்கம் தட்டை, முன்னால் சின்ன விளிம்பு. பிரெஞ்சுக்காரர்கள் போய் இத்தனை காலம் ஆகியும் தொப்பி போகவில்லை. நான் அதையே பார்த்து நின்றதில், "எங்க சார் போவணும்?" என்று ஆட்டோக்காரர் கேட்டது மூன்றாம் முறைதான் காதில் விழுந்தது. அதற்குள் என் பெட்டியை அவர் வண்டியில் ஏற்றியிருந்தார்.

எனக்குத் தொழில் சீருடை தைப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்கு, கட்டடக் காவலாளிகளுக்கு, ஓட்டல் வாசலில் கதவு திறப்பவர்களுக்கு என்று சிங்கப்பூரில் இருபத்தாறு வருடமாகத் தைக்கிறேன். தொழிலோடு ஒரு பித்தும் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீருடை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படங்களைத் தேடிப் பார்ப்பேன். சிப்பாய், தபால்காரர், சிறைக் காவலர் என்று யாராக இருந்தாலும் சரி. படத்தைக் கையில் கொடுத்தால், எத்தனை பொத்தான், என்ன துணி, அளவெடுத்துத் தைத்ததா, இரவல் வாங்கியதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

இது சுனாமிக்கு முந்தைய வருடம், அக்டோபர் கடைசியில் நடந்தது. துணி பார்க்கச் சென்னைக்கு வந்திருந்தேன். என்னிடம் காவலாளிச் சட்டைகள் தைத்து வாங்கும் விக்டர், பாண்டிச்சேரியில் இருக்கும் தன் பெரியம்மாவிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பார்சல் கொடுத்திருந்தார். தைலம், மைலோ டின், இரண்டு கம்பளிச் சட்டை. கொடுக்கும்போது, "பெரியம்மா வீட்டுல ஒரு படம் இருக்குண்ணே. யூனிஃபார்ம் போட்ட ஆளு. வியட்நாம்ல, சைகோன்ல எடுத்தது, நூறு வருஷத்துக்கு மேல ஆவுது" என்றார். பார்சல் இல்லாவிட்டாலும் அந்தப் படத்துக்காகப் போயிருப்பேன்.

வீடு கால்வாய்க்கு மேற்கே, ஒரு ரொட்டிக்கடையை ஒட்டிய சந்தில் இருந்தது. பெரியம்மாவின் பெயர் செலின். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பிரெஞ்சு வழக்கப்படி மதாம். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறவர்.

"வாங்க தம்பி, விக்டர் போன் பண்ணான். நல்லா நனைஞ்சிட்டீங்களே" என்று துண்டை நீட்டினார். பார்சலை வாங்கி, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுதான் போவணும்."

சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். சோற்றோடு ஒரு நீள ரொட்டியையும் துண்டு போட்டு வைத்தார். எங்கள் ஊரில் கோழிக்கறிக்கு ரொட்டி தொட்டுக்கொள்வோம். புளி விட்ட மீன் குழம்புக்கு ரொட்டி எனக்குப் புதுசு. நான்கு துண்டு தின்றேன். அந்த ஊரில் நான் ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

படம் முன்னறையில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்கியது. ஒன்றரைச் சாண் உயரம், கறுத்த மரச் சட்டம். ஒரு மேசையில் கை ஊன்றி நிற்கிற மனிதர். கறுப்புக் கோட்டு, நிமிர்ந்த காலர், இடுப்பில் வார்.

"என் தாத்தாவோட அப்பா" என்றார் மதாம். "சவரிமுத்துன்னு பேரு. சைகோன்ல சுங்கத்துல வேலை. கல்யாணமாயி ரெண்டாம் வருஷம் கப்பல் ஏறினாரு. தாத்தா அப்ப வயித்துல. அங்கேருந்து இந்தப் படத்தை அனுப்பினாரு. அடுத்த வருஷம் காய்ச்சல்ல போயிட்டாருன்னு காயிதம் வந்துச்சி. அங்கியே பொதைச்சிட்டாங்க. எந்த எடம்னு யாருக்கும் தெரியாது."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண் பொத்தான்களை எண்ணியது. ஒன்பது.

"அதனால கல்லறைத் திருநாளு அன்னிக்கு அவரு பொண்டாட்டி மரியன்னம்மா கல்லறை மேல இந்தப் படத்தை வெச்சி, ரெண்டு பேருக்கும் சேத்து மெழுவத்தி ஏத்துவோம். தாத்தா செஞ்சாரு, அப்பா செஞ்சாரு, இப்ப நான்."

மறுநாள் பகல் வெளிச்சத்தில் வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றார். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கலாமா என்றேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் பெயரை அட்டையின் பின்னால்தான் அச்சடிப்பார்கள். பெயர் தெரிந்தால் ஆண்டு தெரியும்.

"கழட்ட வேணாம் தம்பி" என்றார். "அப்பா காலத்துலேருந்து கழட்டினதே இல்ல. அப்படியே எடுத்துக்கோங்க."

மறுநாள் காலை போனேன். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமரா. காலர், கைமடிப்பில் இருந்த பட்டை, வார்ப்பூட்டு, தோளில் இருந்த தையல் என்று கிட்டக் கிட்டப் போய் எடுத்தேன். மதாம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "கோயில்ல மரிச்சவங்க பூசைக்குப் பேரு குடுத்துட்டு வந்துடறேன். அர மணி நேரம். காப்பி பிளாஸ்க்குல இருக்குது."

அவர் சந்து திரும்பும்வரை காத்திருந்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அவர் தலை மறைந்ததும் படத்தை ஆணியிலிருந்து இறக்கினேன். தையல் பிரிக்கும் முள் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அதை வைத்துப் பின்பக்கத்துத் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினேன். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். தையலில் அப்படிப் பிரித்துத் தைத்து எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறேன்.

பலகையை எடுத்தேன். அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, பென்சிலில் ஒரு கிறுக்கல்கூட இல்லை.

அதோடு மூடியிருக்க வேண்டும். அட்டையின் முன்பக்க ஓரத்தில், சட்டம் மறைத்த இடத்தில் ஏதாவது எழுத்து இருக்குமோ என்று தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மெல்லிய துணி கிழிகிற மாதிரி ஓர் ஓசை. எத்தனையோ மழைக்காலங்களின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கோட்டு முழுசாக வந்தது. கழுத்துக்கு மேலே கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அட்டையில் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு.

அப்போதாவது கையை எடுத்திருந்தால், கண்ணாடியில் இருந்ததையாவது தேர்ந்த ஆள் யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நனைத்தால் பிரியும் என்று எங்கோ படித்த ஞாபகம். பிளாஸ்க் பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரில் கைக்குட்டையைத் தொட்டு வைத்தேன். சவரிமுத்துவின் முகம் பழுப்புக் கூழாகக் கைக்குட்டையில் வந்தது.

எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, ஆணிகளை விரலால் அழுத்தி, படத்தை மாட்டினேன். மின்சாரம் போயிருந்தது. மழை இருட்டில் அந்த மூலை சரியாகத் தெரியவில்லை. மதாம் ரொட்டிக்கடையில் எனக்கென்று இரண்டு பஃப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அவசர வேலை என்று சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஆமாம், வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் எங்கே போவது என்று தெரியாமல் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனேன். பத்துப் பேரோடு படகில் ஏறினேன். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் மிதவைச் சட்டை மாட்டச் சொல்லி ஒலிபெருக்கி அலறியிருக்கும். இங்கே படகோட்டி பீடியை அணைத்துவிட்டு தண்ணீரில் குதித்தார். யாரோ விட்டுப்போன வலை எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்தது. பயணி ஒருவர், "வெட்டி எறிங்க, நேரமாவுது" என்றார்.

"அடுத்தவன் வலைங்க. கேக்காம வெட்டினா அவன் வந்து இன்னா சொல்லுவான்?" என்று படகோட்டி கழுத்தளவு தண்ணீரில் நின்று அரை மணி நேரம் வலையைப் பிரித்தார். நான் அவரைப் பார்க்காமல் கரையில் இருந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் எல்லோரும் வறுத்த இறால் வாங்கித் தின்றார்கள். நான் வாங்கவில்லை.

அன்று மாலை மதாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் கண் சிவந்திருந்தது. படம் மேசைமேல் கிடந்தது.

"பாருங்க தம்பி" என்றார். "திருநாளுக்குத் தொடைக்கலாம்னு எறக்கினேன். மழை ஈரத்துல மூஞ்சே போயிடுச்சி. காப்பி எடுத்து வையி, காப்பி எடுத்து வையின்னு பிரான்சுலேருந்து என் தம்பி எதுவார் பத்து வருஷமா சொல்லிகினே இருந்தான். நான்தான் கேக்கல. என் காலத்துலயா இப்படி ஆவணும்?"

எனக்குத் தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. சொல்ல வந்த சொல்லை விழுங்கினேன். அதுமட்டும் அல்ல. "பழைய படம்னா அப்படித்தான் மதாம், ஈரம் பட்டா நிக்காது" என்று நிபுணனைப் போலத் தலையாட்டினேன். அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

"ஆனா ஆண்டவரு உங்களை அனுப்பி வெச்சாரு" என்றார் அவர். "நேத்து நீங்க படம் எடுத்தீங்க இல்ல? அதுல மூஞ்சை மட்டும் பெரிசா போட்டுக் குடுங்க. கல்லறைக்கு அதை எடுத்துப் போறேன்."

கேமராவை எடுத்துச் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொத்தான். பொத்தான். காலர். கைமடிப்பு. வார்ப்பூட்டு. பூட்ஸ். மறுபடியும் பொத்தான். பத்தொன்பது படங்கள். ஒன்றே ஒன்றுதான் முழு ஆள். அதில் ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வட்டமாக விழுந்திருந்தது.

"மூஞ்சி எங்க தம்பி?"

நான் மறுபடி முதலிலிருந்து தள்ளினேன், எங்கோ ஒளிந்திருக்கும் என்பது போல.

"மூஞ்சி எடுக்கலியா?"

"எடுக்கல."

"அவ்ளோ நேரம் பாத்தீங்களே. எப்படி இருந்தாரு? மீசை மேல முறுக்கி இருந்துச்சா, தொங்கலா? எனக்கே இப்ப கொழப்பமா இருக்குது. தெனம் பாக்கறதுதானேன்னு நல்லாப் பாக்காம விட்டுட்டேன்."

நினைத்துப் பார்த்தேன். ஒன்பது பொத்தான்களில் ஐந்தாவது பொத்தானின் நூல் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். கோட்டு அவருக்குத் தோளில் ஒரு விரல் பெரிது என்பதும் தெரியும். மீசை இருந்ததா என்றே தெரியவில்லை.

"மதாம்" என்றேன். "ஈரம் இல்ல. நான்தான். நேத்து நீங்க கோயிலுக்குப் போனப்ப கழட்டினேன். இழுத்தேன். முகம் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. தண்ணி வெச்சுத் துடைச்சேன். அதான் போயிடுச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு எழுந்து, நான் குடித்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "கழட்ட வேணாம்னு சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க."

"இப்ப காப்பி குடிச்சீங்க. பழைய படம்னா அப்படித்தான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நாளை மறுநாளு காலையில கல்லறைக்கு வாங்க. படத்தை எப்பவும் போல எடுத்துகினு போவப்போறேன். இன்னா ஆச்சின்னு கேப்பாங்க. எங்க சொந்தம் எல்லாம் வரும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க." அதன் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

மறுநாள் சிங்கப்பூர் திரும்ப வேண்டியவன், பயணத்தைத் தள்ளிப் போட்டேன். அன்று பகல் முழுவதும், ஏதாவது செய்ய முடியுமா என்று கேமராவோடு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரைக் காட்டி, "வேற மூஞ்சி ஒட்டித் தரேன் சார், ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. உங்க மூஞ்சியே பொருந்தும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் படி இறங்கும்போது கால் தடுக்கி, பிடிக்கக் கம்பி இல்லாமல் தெருவில் உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கிற பெண் தூக்கிவிட்டார்.

கல்லறைத் திருநாள் அன்று தூறிக்கொண்டிருந்தது. வாசலில் செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியும் விற்றார்கள். உள்ளே எல்லாக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். குடைகளுக்குக் கீழே சுடர்கள். எங்கள் ஊரில் முன்னோரைப் பார்க்கப் போகிறவர்கள் குரல் தாழ்த்திப் பேசுவார்கள். இங்கே கல்லறைக்குக் கல்லறை நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

மதாம் மரியன்னம்மாவின் கல்லறையைத் துடைத்து, மாலை போட்டு, படத்தைச் சாய்த்து வைத்தார். கோட்டு, வார், ஒன்பது பொத்தான்கள், அதற்கு மேலே வெள்ளைத் திட்டு. நான் ஓரமாக நின்றேன். "இங்க வாங்க" என்று பக்கத்தில் நிறுத்தினார்.

முதலில் வந்தது ஒரு பெண்மணி. "ஐயையோ, இன்னா மதாம் இது? படத்துக்கு இன்னா ஆச்சி?"

மதாம் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அது... கண்ணாடியில... எடுக்கும்போது..." என்றேன்.

"சத்தமா சொல்லுங்க" என்றார் மதாம். "அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

சத்தமாகச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லியும் அவர் இல்லாதபோது கழற்றினேன், இழுத்தேன், ஈரத் துணியால் துடைத்தேன் என்று. அந்தப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்துக் கல்லறையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பது பேர் கேட்டார்கள். ஒன்பது பேருக்கும் சொன்னேன். ஒருவர் "போனது போவட்டும், வேணும்னா செஞ்சாரு?" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, வேண்டுமென்றுதான் கழற்றினேன். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவர், "உங்க ஊட்டுப் பெரியவரா இருந்தா இப்படிப் பண்ணுவியா நீ?" என்று விரலை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தார். மதாம் தடுக்கவில்லை. நானும் விலகவில்லை. கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் குனிந்து, வெள்ளைத் திட்டின் மேல் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். அழுக்கு என்று நினைத்துவிட்டார் போலும். அவருக்குத்தான் என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அவர் நிமிரும்வரை காத்திருந்து சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணி வாக்கில் மதாமின் கைப்பேசி ஒலித்தது. பிரான்சிலிருந்து எதுவார். பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசினார். தூறல் இரைச்சலில் அவரும் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"ஏத்தியாச்சு எதுவார், ரெண்டு பேருக்கும் ஏத்தியாச்சு... படமா? இருக்குது. மூஞ்சிதான் கொஞ்சம்... மழை ஈரம் எதுவார். கண்ணாடியில ஒட்டிகினு போயிடுச்சி." என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். "இல்ல, இல்ல. யாரும் ஒண்ணும் பண்ணல."

அவருக்குச் சலித்துவிட்டதா, என் மேல் இரக்கம் வந்துவிட்டதா, தம்பி தூரத்தில் இருந்து வருத்தப்படுவானே என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. காலையிலிருந்து ஒன்பது பேர் முன்னால் நின்றபோது வராத அழுகை அப்போது வந்தது. நான் கையை நீட்டினேன். மதாம் வேண்டாம் என்று தலையசைத்தார். நீட்டிய கையை நான் எடுக்கவில்லை. கடைசியில் கைப்பேசியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயா, நான் சிங்கப்பூர்லேருந்து வந்தவன். அந்தப் படத்தை நான்தான் கெடுத்தேன். உங்க அக்கா கழட்ட வேணாம்னு சொன்னாங்க. நான் கேக்கல."

 

"அக்காதான் ஈரம்னு சொல்லிட்டாங்களே" என்றார் எதுவார். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். "அப்படியே விட்டிருக்கலாமே?"

"விட முடியல."

"கெடறதுக்கு முன்னாடி அவரு மூஞ்சியை நல்லாப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. பொத்தானைத்தான் பாத்தேன்."

"அக்காகிட்ட குடுங்க" என்றார். கொடுத்தேன். அவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மதாம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மெழுகுவத்திகள் தீர்ந்ததும் படத்தைத் துணியில் சுற்றினார். நான் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கத் துணியவில்லை. அவரே தூக்கிக்கொண்டார். வாசல்வரை குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே நின்றார்.

"எதுக்கு அவன்கிட்ட சொன்னீங்க?"

"தெரியல மதாம்."

"இன்னிக்கு மழை. பாதிப் பேரு வரல. அடுத்த வருஷமும் இதே படத்தைத்தான் வெப்பேன். என்கிட்ட வேற இல்ல. வராதவங்க வந்து கேப்பாங்க." குடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வந்து சொல்லுங்க."

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்குப் போனேன். நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருக்கும் சொன்னேன்.